ஆண் கடற்குதிரை சுமக்கும் குஞ்சுகள் பிழைப்பது தாயைப் பொறுத்ததா, தந்தையைப் பொறுத்ததா?

கேள்வி: வகுப்பறை விலங்கியல்

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியை. இனப்பெருக்கம் பற்றிய பாடத்தில் கடற்குதிரையைக் குறிப்பிடும்போது, பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றடியில் உள்ள பைக்குள் இடுகிறது, ஆண் அவற்றைச் சுமந்து குஞ்சுகளை ஈனுகிறது என்ற இரண்டு வரிகளோடு கடந்துவிடுவது இத்தனை ஆண்டுகளாக என் வழக்கமாக இருந்தது. சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "குஞ்சுகள் நன்றாகப் பிழைக்க வேண்டுமானால் தாய் பெரியதாக இருக்க வேண்டுமா, தந்தை பெரியதாக இருக்க வேண்டுமா?" என்று கேட்டாள். முட்டை தாயுடையது, சுமப்பது தந்தை என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல இயலவில்லை.

பாலூட்டிகளில் முட்டையும் கருப்பையும் ஒரே உடலில் இருப்பதால் இந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. கடற்குதிரையிலும் அதன் உறவினமான குழல்மீனிலும் இவை இரண்டு உடல்களில் இருக்கின்றன. ஆகவே இந்த மீன்களை வைத்து யாரேனும் முறையாக ஆராய்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். பெற்றோரின் உடலளவு, வயது, உடல்நிலை ஆகியவற்றுக்கும் குஞ்சுகளின் பிழைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அறிந்தவர்கள் விளக்கினால், அந்த மாணவிக்குச் சரியான விடையோடு திரும்பிச் செல்வேன்.

பதில் 1: கடற்புல்வெளி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்டதற்கு மிக அருகில் வரும் ஆய்வு ஒன்று 2006-ஆம் ஆண்டு வெளிவந்தது. லண்டனில் மஞ்சள் கடற்குதிரைகளைத் தொட்டிகளில் வளர்த்து, வயது முதிர்ந்த பெரிய இணைகளின் குஞ்சுகளையும் வயது குறைந்த சிறிய இணைகளின் குஞ்சுகளையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு ஈற்றிலிருந்தும் 150 குஞ்சுகளை எடுத்து, ஒரே மாதிரியான சூழலில் வளர்த்தார்கள். 7 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது பெரிய இணைகளின் குஞ்சுகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை உயிரோடு இருந்தன. சிறிய இணைகளின் குஞ்சுகளிலோ ஏறத்தாழப் பாதிதான் எஞ்சின. கடற்குதிரைகள் ஈன்றபின் குஞ்சுகளைப் பேணுவதில்லை. பையைவிட்டு வெளியேறிய நாளிலிருந்தே குஞ்சு தானாக இரை தேட வேண்டும். எனவே இந்த வேறுபாடு முழுவதும், பிறப்பதற்கு முன் பெற்றோரிடமிருந்து அது பெற்று வந்தவற்றால் ஏற்பட்டதே.

இங்கே பையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பாடநூல்கள் அதை ஒரு கூடைபோல எழுதிவிடுகின்றன. முட்டைகள் உள்ளே விழுந்ததும் பையின் உட்சுவர் தடித்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்த திசுவாக மாறி, ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் குழியில் பொதிந்துகொள்கிறது. தந்தையின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜன் அந்தச் சுவர் வழியாகக் கருவுக்குச் செல்கிறது. தொடக்கத்தில் பையிலுள்ள நீரின் உப்புத்தன்மை தந்தையின் உடல்நீரை ஒத்திருக்கும். ஈனும் நாள் நெருங்க நெருங்க அது கடல்நீரின் அளவுக்கு உயர்கிறது. பிறந்த கணமே கடல்நீரைத் தாங்கும்படி குஞ்சைப் பழக்குவதும் தந்தையின் உடலே. வெப்பநிலையைப் பொறுத்து இது இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை நீடிக்கும்.

ஆயினும் கருவுக்கு வேண்டிய உணவின் பெரும்பகுதி தாய் முட்டையில் வைத்த மஞ்சட்கருவிலிருந்தே கிடைக்கிறது. அதற்கு மேலாகத் தந்தையும் ஊட்டுகிறது என்பதற்கு இப்போது நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பெருவயிற்றுக் கடற்குதிரைகளை ஆராய்ந்தவர்கள், கருக்காலத்தில் ஆணின் பைச்சுவரில் கொழுப்பையும் கால்சியத்தையும் கடத்தும் மரபணுக்கள் செயல்படுவதைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே மாணவியிடம் இருவருமே பெரியவர்களாக இருப்பது நல்லது என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

பதில் 2: அளவுகோல்

மேலே உள்ள பதிலில் பையைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் அதன் முடிவு மாணவியின் கேள்விக்கு விடையாகாது என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வில் பெரிய ஆண் பெரிய பெண்ணோடும், சிறிய ஆண் சிறிய பெண்ணோடும் இருந்தன. பெரியவை முதிர்ந்தவையாகவும் சிறியவை இளையவையாகவும் இருந்தன. தாயின் அளவு, தந்தையின் அளவு, தாயின் வயது, தந்தையின் வயது என்னும் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, 90-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளியில் எந்தப் பங்கு யாருடையது என்று பிரிக்க இயலாது. வளர்ப்பவர்களுக்கு அது மிகவும் பயனுள்ள ஆய்வு; ஆனால் "தாயா, தந்தையா" என்று கேட்பவருக்கு அது கேள்வியையே திருப்பித் தருகிறது.

இயற்கையிலும் இதே சிக்கல் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியக் கடற்குதிரை இனம் ஒன்றில் ஒத்த அளவுள்ளவையே இணைசேர்வது தெரியவந்துள்ளது. அத்தகைய இடத்தில் பெரிய தந்தையின் குஞ்சுகள் நன்றாகப் பிழைப்பதைக் கண்டால், அது தந்தையின் பையால் விளைந்ததா, அதனோடு சேர்ந்த பெரிய தாயின் முட்டையால் விளைந்ததா என்று எப்படிச் சொல்வீர்கள்?

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் பாங்காய்க் கார்டினல் மீனில், ஆண் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. பொரித்த பின்னும் சில நாட்கள் குஞ்சுகளை வாயிலேயே வைத்திருக்கிறது. நிக்லாஸ் கோல்ம் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய ஆணோடு இணைந்த பெண்கள் பெரிய முட்டைகளை இட்டன என்று கண்டார். அதாவது தாய் தன் முதலீட்டைத் தந்தையைப் பார்த்தே முடிவு செய்கிறது. அவ்வாறாயின் பெண்களைக் குலுக்கல் முறையில் பெரிய ஆண்களுக்கும் சிறிய ஆண்களுக்கும் பகிர்ந்தளித்து மிகக் கவனமாகச் செய்த சோதனையிலும்கூட, "தந்தையின் விளைவு" என்று நாம் கணக்கிடும் எண்ணுக்குள் தாயின் பங்கு ஒளிந்திருக்கக்கூடும். முட்டையின் அளவைத் தனியே அளக்காத எந்த ஆய்வையும் இந்தக் காரணத்தால் நான் தயக்கத்தோடுதான் படிக்கிறேன்.

வகுப்பறை விலங்கியல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அளவுகோல் அவர்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு அடுத்த கேள்வி எழுகிறது. தாயை மாற்றித் தந்தையை மாற்றாமல், அல்லது தந்தையை மாற்றித் தாயை மாற்றாமல் ஒரு சோதனை செய்ய இயலுமா? ஒரே ஆணின் பையில் இரண்டு பெண்களின் முட்டைகள் இருக்குமானால் இது எளிதாகிவிடும் அல்லவா?

பதில் 3: வடகடல் வாசகர்

ஆசிரியை அவர்களே, நீங்கள் கேட்டதைக் கடற்குதிரையில் செய்வது கடினம்; மரபணுக் குறியீடுகளை வைத்து ஆராய்ந்த மேற்கு ஆஸ்திரேலியக் கடற்குதிரைகளில் ஓர் ஈற்றுக் குஞ்சுகள் அனைத்தும் ஒரே தாயுடையவையாகவே இருந்தன. ஆனால் ஐரோப்பியக் கடற்கரைகளின் கடற்புற்களுக்கிடையே வாழும் அகன்ற மூக்குக் குழல்மீனில், ஓர் ஆண் பல பெண்களிடமிருந்து முட்டைகளைப் பெறுகிறது. ஒரு பெண்ணும் தன் முட்டைகளைப் பல ஆண்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. நீங்கள் விரும்பும் இரண்டு சோதனைகளுக்கும் இயற்கையே இடம் கொடுத்திருக்கிறது. ஸ்வீடனின் மேற்குக் கரையில் பல பத்தாண்டுகளாக இந்த மீனை ஆராய்ந்து வருகிறார்கள். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகள் அங்கிருந்தே வந்தன.

முதலில் தாயின் பக்கம். இந்த இனத்தில் பெரிய பெண்கள் பெரிய முட்டைகளை இடுகின்றன. பெரிய முட்டைக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும், ஆக்சிஜன் குறைந்த நீரில் அது முதலில் மடியும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2015-இல் இதைச் சோதித்தார்கள். சில ஆண்களை ஆக்சிஜன் நிறைந்த நீரிலும், சிலவற்றை 40 சதவீதச் செறிவுள்ள நீரிலும் 18 நாட்கள் அடைகாக்க விட்டார்கள். ஆக்சிஜன் குறைந்தபோது கருக்கள் சிறுத்தன. ஆனால் பெரிய முட்டைக் கருக்களும் சிறிய முட்டைக் கருக்களும் ஒரே அளவில்தான் பாதிக்கப்பட்டன. பையினுள் உயிர்பிழைப்பதில் முட்டையின் அளவால் எந்த வேறுபாடும் இல்லை. பெரிய முட்டை நல்லது என்று நாம் இயல்பாக எண்ணுவது, பைக்குள் இருக்கும் காலத்துக்காவது பொருந்தவில்லை.

அடுத்துத் தந்தையின் பக்கம். அதே குழுவினர் மிக நுண்ணிய உணரி ஒன்றைப் பைக்குள் செலுத்தி, 24 நாட்கள் வரை உள்ளிருக்கும் நீரின் ஆக்சிஜனை அளந்தார்கள். வெளியிலுள்ள நீரைவிடப் பைக்குள் ஆக்சிஜன் குறைவாகவே இருந்தது. கருக்கள் வளர வளர மேலும் குறைந்தது. நல்ல உடல்நிலையில் இருந்த ஆண்களின் பையில் ஆக்சிஜன் அதிகமாக இருக்கவில்லை; குறைவாகவே இருந்தது. ஆனால் அடைகாப்பின் இறுதியில், பெரிய ஆண்களின் பையில் சிறிய ஆண்களின் பையைவிட ஆக்சிஜன் அதிகமாக இருந்தது. கருவின் தேவை உச்சத்தில் இருக்கும் நாட்களில் தந்தையின் உடலளவு கைகொடுக்கிறது. உங்கள் மாணவியின் கேள்விக்குத் தந்தையின் அளவு தொடர்பாக இதுவரை நான் கண்ட மிக நேரடியான விடை இதுதான்.

இனி, பலரும் எதிர்பாராத செய்தி. குழல்மீனின் பையில் இட்ட முட்டைகள் அனைத்தும் குஞ்சாவதில்லை. அடைகாக்கும் வாரங்களில் சில கருக்கள் காணாமற்போகின்றன. அவை எங்கே போகின்றன என்பதைக் கிரி சாகெபாக்கெனும் உடன் பணியாற்றியவர்களும் 2010-இல் கண்டறிந்தார்கள். சில பெண்களின் முட்டைகளில் கதிரியக்கக் கார்பன் கொண்ட அமினோ அமிலங்களை ஏற்றி, ஒவ்வோர் ஆணின் பையிலும் ஏறத்தாழப் பாதி முட்டைகள் குறியிட்டவையாகவும் மீதி குறியிடாதவையாகவும் இருக்கும்படி இணைசேர விட்டார்கள். பின்னர் பார்த்தபோது, அந்தக் கார்பன் தந்தையின் பைச்சுவரிலும் கல்லீரலிலும் தசையிலும் இருந்தது. உடன் கிடந்த மற்றக் கருக்கள் குறிப்பிடத்தக்க அளவில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தந்தை கருக்களிலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அதே இனத்தில் எதிர்த்திசையையும் காட்டினார்கள்: தந்தைக்கு ஊட்டிய அமினோ அமிலங்கள் கருக்களைச் சென்றடைந்தன. சத்து இரு திசைகளிலும் ஓடுகிறது. பையைக் கூடை என்று நினைக்கக் கூடாது என்று கடற்புல்வெளி அவர்கள் எழுதியதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

மெக்சிகோ வளைகுடாக் குழல்மீனைப் பற்றிக் கிம்பர்லி பாக்சால்ட்டும் ஆடம் ஜோன்ஸும் 2010-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதற்கு அடுத்த படி. இந்த இனத்தில் ஓர் ஆண் ஒரு கருக்காலத்துக்கு ஒரே பெண்ணிடமிருந்துதான் முட்டைகளைப் பெறுகிறது. ஆகவே அதே ஆணை அடுத்தடுத்து இரண்டு பெண்களோடு இணைசேர விட்டு, இரண்டு ஈற்றுகளையும் ஒப்பிட்டார்கள். இந்த ஆண்கள் பெரிய பெண்களையே விரும்புகின்றன. பெரிய பெண்ணின் முட்டைகளில் பிழைத்தவை அதிகம். சிறிய பெண்ணின் முட்டைகளில் மடிந்தவை அதிகம். முதல் ஈற்றில் பெரும்பாலான கருக்கள் பிழைத்திருந்தால், இரண்டாம் ஈற்றில் பிழைப்பு குறைந்தது. விரும்பிய இணைக்காகத் தந்தை மிகுதியாகச் செலவிடுகிறது, விரும்பாத இணையின் கருக்களுக்குக் கொடுப்பதைக் குறைத்து அடுத்த வாய்ப்புக்காகச் சேமிக்கிறது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இதை ஏற்றால், "பெரிய தாயின் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கின்றன" என்ற வாக்கியத்துக்குள்ளும் தந்தை இருக்கிறது. அளவுகோல் அவர்கள் கார்டினல் மீனில் காட்டியது இதன் மறுபக்கம்: அங்கே தாய் தந்தையைப் பார்த்து முட்டையை வளர்க்கிறது, இங்கே தந்தை தாயைப் பார்த்துக் கருவை வளர்க்கிறது.

பதில் 2-இன் தொடர்ச்சி: அளவுகோல்

வடகடல் வாசகர் எழுதியதற்கு ஒரு சிறு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். வளைகுடாக் குழல்மீனில் பெரிய பெண்ணின் கருக்கள் பிழைப்பதற்குத் தந்தையின் தேர்வுதான் முழுக் காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. பெரிய பெண்ணின் முட்டையே தரத்தில் உயர்ந்ததாகவும் இருக்கலாம். ஆனால் முன் ஈற்றின் வெற்றி பின் ஈற்றைப் பாதிக்கிறது என்ற கண்டுபிடிப்பை முட்டையின் தரத்தால் மட்டும் விளக்க முடியாது, ஏனெனில் இரண்டு ஈற்றுகளுக்கும் பொதுவாக இருப்பது தந்தையின் உடல் ஒன்றே. என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையின் வலு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

வாயில் அடைகாக்கும் ஆண்களிடமும் இதே கணக்கு தெரிகிறது, அங்கே சற்றுக் கடுமையாக. ஜப்பானின் கடலோரத்தில் வாழும் ஒரு கார்டினல் மீன் இனத்தில், ஆண் சில சமயம் தன் வாயிலுள்ள முட்டைகள் அனைத்தையும் விழுங்கிவிடுகிறது. வேறு பெண்கள் எளிதில் கிடைக்கும் சூழலில் இது நிகழ்வதாக 1996-இல் வெளிவந்த கள ஆய்வு காட்டியது. அடைகாக்கும் நாட்களில் அந்த ஆணால் இரை உண்ண முடியாது என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

பதில் 4: பாக் நீரிணைக் கரை

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் ஆய்வாளன் அல்லேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, இப்போது கடல்வாழ் உயிர்ப் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். லண்டனில் ஆராய்ந்ததாக மேலே சொன்ன மஞ்சள் கடற்குதிரை நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் இனம்தான் என்பதை மாணவிகளுக்குச் சொல்லுங்கள். இறாலுக்காகக் கடற்புல்மீது இழுக்கும் தள்ளுமடியில் அது தானாகவே அகப்படும். பை புடைத்த ஆண்கள் மடியில் வந்து விழுவதைச் சிறுவயதில் நானே பார்த்திருக்கிறேன். ஓர் ஆண் போனால் அதன் பையிலுள்ள சில நூறு கருக்களும் அதோடு போகின்றன. பெரிய ஆணாக இருந்தால், இங்கே நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது, பிழைக்கும் வாய்ப்பு மிகுந்த கருக்களே போகின்றன.

2001-ஆம் ஆண்டு இந்தியாவில் கடற்குதிரையும் குழல்மீனும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். பன்னாட்டு வணிகத்துக்கு 2004 முதல் தனிக் கட்டுப்பாடு உண்டு. வணிகம் நடக்கும் நாடுகளுக்கு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவற்றைத் தவிர்க்க வேண்டும் என்ற பரிந்துரையும் வந்தது. ஒரு முறையாவது ஈன்ற பிறகே பிடிபட வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெரிய பெற்றோரின் குஞ்சுகளே அதிகம் பிழைக்குமென்றால், சிறியதை விட்டுப் பெரியதை எடுக்கும் விதி, கடலில் நல்ல பெற்றோரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகாதா? இதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1-இன் தொடர்ச்சி: கடற்புல்வெளி

நண்பரே, உங்கள் கவலை நியாயமானது. நீளம், எடை முதலியவற்றுக்குக் கீழ் வரம்பு மட்டும் வைக்கும் விதிகள் அனைத்துக்கும் மீன்வள அறிவியலில் எழுப்பப்படும் கேள்வி இது. கடற்குதிரையில் அது மேலும் கூர்மையாகிறது. பெரிய ஆண் அதிக முட்டைகளுக்கு இடம் தருகிறது, பெரிய இணையின் குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன, இணையில் ஒன்றை இழந்த மற்றொன்று புதிய துணையைத் தேடி மீண்டும் ஈனத் தொடங்குவதற்குக் காலமும் ஆகிறது. கீழ் வரம்போடு மேல் வரம்பும் வேண்டும் என்று வாதிடுபவர்களின் பக்கமே நானும் இருக்கிறேன்.

அளவுகோல் அவர்களின் திருத்தத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். "இருவரும் பெரியவர்களாக இருப்பது நல்லது" என்று நான் எழுதியது வளர்ப்புக்குச் சரி, விளக்கத்துக்குப் போதாது.

வகுப்பறை விலங்கியல்

உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நாளை வகுப்பில் விடையைச் சொல்வதற்கு முன், கரும்பலகையில் இரண்டு படங்களை வரையப் போகிறேன். முதல் படத்தில் ஒரே தந்தையின் பை, பெரிய தாயின் முட்டைகளும் சிறிய தாயின் முட்டைகளும் கலந்து. இரண்டாவது படத்தில் ஒரே தாயின் முட்டைகள், பெரிய தந்தைக்குப் பாதி, சிறிய தந்தைக்குப் பாதி. எந்தப் படம் எதைப் பிரித்துக் காட்டும், எதைப் பிரித்துக் காட்டாது என்று மாணவிகளையே கேட்கிறேன். தாய் தந்தையைப் பார்த்து முட்டையை மாற்றிக்கொள்ளும் என்பதை அதன் பிறகே சொல்வேன். அதைக் கேட்டதும் அந்த மாணவி அடுத்து என்ன கேட்கிறாள் என்பதை இங்கேயே வந்து எழுதுகிறேன்.